மகளுக்காகப் பதில் சொன்னவள்

மலேசியாவின் செலண்டாரில் விஜயராணியைத் தெரியாதவர்கள் குறைவு. தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் பதினோரு வருடமாகச் சமைக்கிறாள். மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டே மூன்று பேரோடு பேசுவாள். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் வரும். கணவர் தங்கராஜு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவது பெரிய பாடு. யாராவது கேட்டால், "வீட்டுக்கு ஒரு வாய் போதும்லா" என்பார்.

அந்த ஒரு வாய்தான் மகள் திவ்யதர்ஷினிக்கும் சேர்த்துப் பேசியது.

திவ்யாவுக்கு இரண்டரை வயதிருக்கும். யாராவது பேசினால் அவர்கள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வாயையே பார்ப்பாள். எல்லோரும் அதைப் பார்த்துக் கொஞ்சினார்கள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் மட்டும், "ராணி, இது வெளையாட்டு இல்ல. புள்ளைக்குக் காது கேக்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். விஜயராணி நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. பேட்டரி மாற்றுவது, காதுக்குள் வைக்கும் மோல்டைக் கழுவிக் காயவைப்பது, மலாக்கா பட்டணத்துப் பிள்ளைகள் கிளினிக்கின் தேதிகளை மனதில் வைத்திருப்பது எல்லாம் அவள் வேலை. ஒன்றையும் மறந்ததில்லை. ஆனால் 'செவிடு' என்ற சொல்லை வீட்டுக்குள் விடவே மாட்டாள். "காது கொஞ்சம் மந்தம்" என்பதோடு சரி. மெஷின் வெளியே தெரியாதபடி மகளின் முடியைக் காதை மூடித்தான் பின்னிவிடுவாள்.

கிளினிக்கில் காது பரிசோதிப்பவர் ரபியா. மலாய்க் கம்போங் கிராமத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். "எப்படி இருக்கு திவ்யா?" என்று அவர் கேட்பார். பிள்ளை வாயைத் திறப்பதற்குள், "நல்லா கேக்குது மிஸ். ஸ்கூல்ல பிரச்சனையே இல்ல" என்று அம்மாவிடமிருந்து பதில் வந்துவிடும்.

திவ்யாவுக்குப் பதினாறு முடிந்தபோது ரபியா சொன்னார்: "அக்கா, பதினெட்டு வயசானா இவ பெரியவங்க கிளினிக்குக்கு மாறணும். அங்க எல்லாத்தையும் இவகிட்டதான் கேப்பாங்க. இப்பவே பழகட்டும். இனிமே மொத இருபது நிமிஷம் இவ மட்டும் உள்ள."

"அப்போ நான்?"

"நீங்க வெளியில உக்காருங்கக்கா."

விஜயராணிக்குச் சுருக்கென்றது. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாததா உள்ளே பேசப்போகிறார்கள் என்று மனம் பொருமியது.

உள்ளே கூப்பிட்டபோது ரபியாவின் முகம் சரியில்லை. "நீயே அம்மாகிட்ட சொல்லு" என்றார் திவ்யாவிடம்.

"அம்மா, லெஃப்ட் காதுல ஒரு வருஷமா பேச்சு புரியல. மெஷின் போட்டா வெறும் சத்தம்தான் வருது."

"ஏன்டி சொல்லல?"

திவ்யா தரையைப் பார்த்தாள். "நீங்கதான் நல்லா கேக்குதுன்னு சொல்லிட்டீங்களேம்மா. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

போன வருடப் பரிசோதனை நாளில் திவ்யாவுக்கு அம்மை போட்டிருந்தது. வேறு தேதி கொடுக்கக் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது, "அவசரம் இல்ல மிஸ், நல்லாத்தான் கேக்குது. அடுத்த வருஷமே வர்றோம்" என்று சொன்னவள் விஜயராணி. அந்தக் குரலும் சொன்ன தொனியும் அவளுக்கு அப்படியே நினைவு வந்தன.

"நானும் உங்களத்தானக்கா கேட்டேன், இவளக் கேக்கல. என் மேலயும் தப்பு இருக்கு" என்றார் ரபியா. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

வீட்டில் சொன்னபோது தங்கராஜு டிவியை அணைத்தார். நாற்காலியை மகள் முன்னால் இழுத்துப் போட்டு, "எந்தப் பக்கம் உக்காந்தா ஒனக்குக் கேக்கும்?" என்று கேட்டார். அவள் வலது பக்கம் காட்டினாள். அன்றிலிருந்து சாப்பிடும்போது அவர் வலது பக்கம்தான். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவில்லையே என்று விஜயராணி அடுப்படியில் நின்று அழுதாள்.

அடுத்த இரண்டு வருடம் இருவரும் பழகினார்கள். திவ்யா தன்னைப் பற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டாள்: எத்தனை வயதிலிருந்து மெஷின், எந்தக் காதில் எவ்வளவு கேட்கும், தன்னிடம் பேசுகிறவர்கள் எப்படிப் பேச வேண்டும். அப்போயின்மென்ட் தேதிகள் அவள் போனுக்கு வந்தன. விஜயராணி வாயை மூடப் பழகினாள். அதுதான் கஷ்டமான பாடம். கிளினிக்குக்குள் நுழையும் முன்பு பாசா சந்தையில் வாங்கிய 'அசாம் போய்' என்ற உப்புப் பழம் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வாள். உப்பும் புளிப்புமாக அது வாய்க்குள் கிடக்கும்வரை நாக்குக்கு வேலை இருக்கும்.

பெரியவர்கள் கிளினிக்குக்கு முதல்முறை போன அன்று கூடம் நிறைய வயசாளிகள். நம்பர் காட்டும் திரை கெட்டுப்போயிருந்தது. மாஸ்க் போட்ட நர்ஸ் மிஸி ஒருத்தி கவுண்டரிலிருந்தே மலாயில் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்காதவர்கள் வரும் இடத்தில்!

திவ்யாவின் நம்பர் பதினேழு. மிஸி அதைக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். விஜயராணி பாதி எழுந்துவிட்டாள். மகள் கையில் தன்னைப் பற்றி எழுதிய காகிதம் மடித்தபடி இருந்தது. அதைப் பார்த்து விஜயராணி மறுபடி உட்கார்ந்தாள். மிஸி பதினெட்டைக் கூப்பிட, ஒருவர் எழுந்து போனார். அவர் கைச்சீட்டில் பதினெட்டு இருந்ததைத் திவ்யா பார்த்தாள். அம்மா முகத்தையும் பார்த்தாள். புரிந்துகொண்டு நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

"கக், நான் பெகாக். நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்காது. மாஸ்க் இருக்கறதால வாயும் தெரியல. கைய ஆட்டிக் கூப்பிடுங்க" என்று மிஸியை அக்கா என்றழைத்து மலாயில் சொன்னாள்.

பெகாக் என்றால் செவிடு. இத்தனை வருடமாக வீட்டுக்குள் வராத சொல்லை மகள் அத்தனை பேர் முன்னால் ஊர் பேரைச் சொல்வதுபோல் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மிஸி மன்னிப்புக் கேட்டு, நம்பரைப் பெரிய தாளில் எழுதிக் காட்டத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த அப்புசாமி என்ற பெரியவர், "என்னோடதையும் கேட்டுப் பாரும்மா" என்று சீட்டை நீட்டினார். அவருடையது பன்னிரண்டு, எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

உள்ளே இளம் மலாய் டாக்டர் விஜயராணியைப் பார்த்து அத்தை முறையில், "மக்சிக், இடது காது எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் மகளைக் கைகாட்டினாள். திவ்யா எழுதிவைத்த தாளைக் கொடுத்துப் பேசினாள். சில இடங்களில் திக்கினாள், ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். கடைசியில் டாக்டர், இடது காதுக்குள் ஆப்பரேஷன் செய்து கருவி வைக்கலாம், விருப்பமா என்றார்.

சரி, சரி, நாளைக்கே செய்யுங்கள் என்று விஜயராணியின் நெஞ்சு கத்தியது. அசாம் போயை அழுத்திக் கடித்தாள்.

"மூணு மாசம் யோசிக்கணும் டாக்டர். ஏற்கெனவே செஞ்சவங்களப் பாத்துப் பேசணும்" என்றாள் திவ்யா.

பஸ் நிலையத்தில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி இன்னைக்கே சரின்னு சொல்லக்கூடாதா?"

"என் தலையத்தானம்மா தொறப்பாங்க" என்றாள் மகள் சிரித்துக்கொண்டே. விஜயராணிக்கும் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

மூன்று மாதத்தில் திவ்யா நான்கு பேரைப் பார்த்துப் பேசினாள். இப்போதைக்கு வேண்டாம், பாலிடெக்னிக் படிப்பு முடியட்டும், அதுவரை வலது காதுக்குப் புது மெஷின் போதும் என்று முடிவு செய்தாள். டாக்டரும் சரி என்றார், ஆனால் அதிக நாள் தள்ள வேண்டாம் என்று சொல்லிவைத்தார். இப்போது ஹாஸ்டலிலிருந்து தனியாகவே கிளினிக்குக்குப் போகிறாள். முடி காதுக்குப் பின்னால்தான்.

விஜயராணிக்கு இன்னும் அந்த முடிவில் முழுச் சம்மதம் இல்லை. ரபியா கூப்பிட்டபோது, காது கேளாத பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசப் போனாள். பத்து நிமிடம் என்றார்கள். முக்கால் மணி நேரம் பேசினாள். தேதியைத் தள்ளிப்போட்ட அந்தப் போன் விஷயத்தை மறைக்கவில்லை. கடைசியில் ஒரு தாய் ஆப்பரேஷன் பற்றிக் கேட்டாள்.

"எனக்கு அவ செஞ்சுக்கிட்டா தேவலைன்னு இருக்கு. அவளுக்கு இல்ல. மாசம் ஒருக்கா கேப்பேன். அவ என்ன சொல்றாளோ, அதோட விட்டுருவேன்" என்றாள்.