கீழ்வீட்டு ஸ்ம்ரெக்வார்

காலையில் கீழ்வீட்டிலிருந்து வால்நட் வறுக்கும் வாசம் ஏறி வந்தது. அமெரிக்காவில், எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் அப்படித்தான், யார் தாளித்தாலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. காபி டம்ளரோடு நின்றவனுக்கு ஸ்டான் ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் குடிவந்த புதிதில் கீழ்வீட்டில் தனியாக இருந்தவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குடும்பப் பெயர் ஸ்ம்ரெக்வார். தபால்காரர் அதை ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை, என் பெயரையும்தான். யார் வாயிலும் நுழையாத பெயர்கள் என்பதாலேயே நாங்கள் சிநேகமானோம் என்று நினைக்கிறேன்.

அவருடைய அப்பா இளவயதில் ஸ்லோவேனியாவிலிருந்து வந்தவர். ஊரைப் பற்றி வாயே திறக்காத மனிதராம். ஸ்டானுக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. "நான் போனா இந்தப் பேரும் போச்சு. அதுக்குள்ள அப்பா கிளம்பி வந்த வாசல்ல ஒருதரம் நிக்கணும்" என்பார். அவர் சொன்னது இங்கிலீஷில். என் மனசில் தங்கியது இப்படி.

கையில் இருந்தது ஒரு பள்ளத்தாக்கின் பெயரும், அப்பா எப்போதாவது முணுமுணுத்த "நாங்க ப்ரி கொவாச்சு" என்ற வார்த்தையும்தான். அது ஊர்ப் பெயர் என்று நம்பி வருஷக்கணக்காக வரைபடங்களைத் துழாவினார். அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குக்கூடப் போன் போட்டுப் பார்த்தார். "ஸ்ம்ரெக்வாரா? அப்படி யாரும் இங்க இல்லையே" என்றுவிட்டாள் கடைக்காரப் பெண்.

எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டே அவர் இதைச் சொன்னபோது என் மனைவி என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டாள். "ஏனுங்க, எங்க சித்தப்பா உங்க ஊர்ல வந்து அலைஞ்ச மாதிரியே இருக்குது."

அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய கதை. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்த அவள் சித்தப்பா, கோபிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் தோட்டத்து வேலியோரமே நின்றுகொண்டு என் அப்பா பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். "அப்படி யாருமில்லீங்களே" என்று பதில் சொன்னவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எங்கள் தோட்டத்துக்குக் கிணத்துமேடு என்று பெயர், அதனால் அப்பா ஊருக்கே கிணத்துமேட்டுக்காரர். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பெயர் யாருக்குத் தெரியும்? அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் என் குடும்பப் பெயர் என்பது வேறு கூத்து.

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. "ஸ்டான், அது ஊர்ப் பேரா இருக்காது, வீட்டுப் பேரா இருக்கும். அந்தப் பொண்ணுகிட்ட ஆளைக் கேக்காதீங்க, வீட்டைக் கேளுங்க."

மறுநாள் விடிந்ததும் மேலே வந்துவிட்டார். எங்கள் சாப்பாட்டு மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டார். அதே பெண். "கொவாச் வீடா? ஜன்னல்லேருந்து கூரை தெரியுதே" என்றாள். கொவாச் என்றால் கொல்லர், ஒரு காலத்தில் அது கொல்லர் வீடாம். இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, ஊருக்கு அது இன்றும் கொவாச் வீடுதான். ஸ்டான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வசந்தத்தில் கைத்தடியோடு போய்வந்தார். அந்த வீட்டார் கொடுத்தனுப்பிய வால்நட் ரொட்டியை எங்கள் மேசையில் வைத்துப் பிரித்தார். "கதவு ரொம்பக் குள்ளம், தலைய இடிச்சுக்கிட்டேன்" என்று நெற்றியைத் தடவிக் காட்டினார். "அப்பாவும் இடிச்சிருப்பார், இல்ல?" அப்படி ஒரு பூரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஸ்டான் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. தபால் பெட்டியில் ஸ்ம்ரெக்வார் என்று ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துவிட்டார்கள். எங்கள் கிணத்துமேட்டையும் மனை மனையாக விற்று, கிணற்றையும் மூடியாகிவிட்டது.

காபி முடிந்து தபால் எடுக்கக் கீழே இறங்கினேன். கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சேலத்துப் பெண் வாசலில் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என் பேரச் சொன்னா இங்க யாருக்கும் தெரியாதுடி. ஸ்டான் வீடுன்னு கேளு, எல்லாரும் காட்டுவாங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அங்கிள், ஸ்டான்னா யாரு?"