ஸ்டேஷன் ரோடு குந்தவைக்கு வந்த புத்தகங்கள்

குறுவை அறுவடை முடிந்து ஊரெல்லாம் ஈர வைக்கோல் வாசனை அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், மதிவாணனின் கடைக்கு முதல் பார்சல் வந்தது. பாபநாசம் ஸ்டேஷன் ரோட்டில் அவருக்கு மோட்டார் கடை. நீர்மூழ்கி மோட்டார், பி.வி.சி. பைப், ஃபுட் வால்வ் என்று வயலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். கூரியர் சதீஷ் வண்டியை நிறுத்தாமலேயே கை நீட்டினான்.

"அண்ணே, அண்ணிக்கு வந்திருக்கு. பெங்களூர்லேர்ந்து."

பார்சலின் மேல் குந்தவை, ஸ்டேஷன் ரோடு, பாபநாசம் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. கதவு எண் இல்லை. மனைவி ஏதோ வரவழைத்திருக்கிறாள் என்று நினைத்து, சாயங்காலம் கடையைச் சாத்தும்போது மதிவாணன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

குந்தவை எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பாடம் நடத்தினாள். மாமனார் பக்கவாதத்தில் படுத்ததும் வேலையை விட்டாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பப் போகவில்லை. கல்லூரிக் காலத்தில் கும்பகோணத்து நடைபாதைக் கடைகளில் வாங்கிய பழைய ஆங்கில நாவல்கள் சில அவளிடம் இருந்தன. நூறு, இருநூறு வருஷத்துக்கு முந்தைய கதைகள். அட்டை பிய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியவை. அவற்றையே திரும்பத் திரும்பப் படிப்பாள். மதிவாணன் ஐ.டி.ஐ. முடித்தவர். அந்தப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் அவர் மின்சார பில்லைச் செருகி வைப்பதோடு சரி.

பார்சலைப் பிரித்த குந்தவை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நீலத் துணி அட்டை போட்டு, தங்க எழுத்துப் பதித்த ஒரு பழைய ஆங்கில நாவல். கூடவே ஒரு சின்ன கார்டு.

"பொறந்த நாள் இல்ல, கல்யாண நாள் இல்ல. இது எப்பங்க ஆர்டர் பண்ணீங்க?"

எது என்று கேட்கத்தான் மதிவாணன் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். மகளைக் கோயம்புத்தூரில் காலேஜில் கொண்டுபோய் விட்டதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்க்கவில்லை.

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டார்.

அவள் கார்டை எடுத்துத் தமிழில் சொன்னாள். "என் குந்தவைக்கு. சொல்லாமலேயே உனக்குப் புரியும்னு எனக்குத் தெரியும்." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்படியெல்லாம் எழுத உங்களுக்கு வருமா?"

"கடைக்காரங்களே எழுதிப்பாங்க போல" என்றார் மதிவாணன். அது பாதி உண்மையாவது இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவருக்கு அதே யோசனை. யார் அனுப்பியிருப்பார்கள்? கூடப் படித்த சிநேகிதியா? சிநேகிதி என்றால் பெயர் போட்டிருக்க மாட்டாளா? கூடப் படித்தவன் எவனாவதா? அவள் படித்தது பெண்கள் கல்லூரி. ஒருவேளை குந்தவையே வரவழைத்துக்கொண்டு, நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கிறாளா? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டுச்சுவரில்தான் போய் நின்றது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், சும்மாதான் என்று சொன்ன வாய் அவருடையது.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு மாற்றம். குந்தவை அடுப்படியில் நின்றபடியே கதை சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பெரிய பண்ணை வீடு, அக்கா தங்கை இரண்டு பேர், தங்கை அவசரப்பட்டுத் தப்பான ஆளைக் கட்டிக்கொள்கிறாள், அக்கா தன்னை விரும்புகிற நல்லவனை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கல்லூரியில் படித்தபோது தனக்குத் தங்கையைத்தான் பிடித்ததாம், இப்போது அக்காவைப் பிடிக்கிறதாம்.

"அந்தப் பொண்ணுக்கு அவனைப் பிடிச்சிருக்குல்ல?" என்று கேட்டார் மதிவாணன்.

"பிடிச்சிருக்கு."

"அவனுக்கும் பிடிச்சிருக்கு. அப்பறம் என்ன? முதல் பக்கத்துலயே சொல்லித் தொலைச்சா ஆவாதா?"

குந்தவை சிரித்தாள். "சொல்ல வேண்டியதை விட்டுட்டு சுத்திக்கிட்டே இருப்பாங்க. நம்ம வீடு மாதிரிதான்."

அது கேலியா, குறையா, பாராட்டா என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் மறுநாளும் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். கதை தெரிந்தவர் மாதிரி இருக்க வேண்டுமே என்று, அந்த நாவலின் சுருக்கத்தைத் தமிழில் சொல்லும் ஒரு வீடியோவைக் கடையில் வைத்துக் கேட்டார். ஃபுட் வால்வ் வாங்க வந்த பஞ்சநதம் என்கிற விவசாயி, "சீமாட்டி கண்ணீரோடு மாளிகையை விட்டு வெளியேறினாள்" என்று போனிலிருந்து வந்த குரலைக் கேட்டுவிட்டு, "என்ன மாப்ள, சீரியலா?" என்றார். மதிவாணன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஐப்பசி மழையில் இரண்டாவது பார்சல் வந்தது. இந்தத் தடவை ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்துக்கு அடையாளம் வைக்க மரத்தில் செய்த புத்தகக் குறி, ஒரு டப்பா டீத்தூள். மழையில் நனைந்த பழைய நூலகத்தின் வாசனை என்று மெழுகுவர்த்தியின் மேல் போட்டிருப்பதாகக் குந்தவை படித்துச் சொன்னாள். மதிவாணன் முகர்ந்து பார்த்தார். அவருக்கு அது குடோனில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனையாகத்தான் பட்டது. இதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருப்பான் என்று நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. அவன் மேல் கோபம் வந்தது. அவன் காசில் தான் வாங்கிக்கொள்ளும் சந்தோஷத்தை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

கரண்டு போன ஒரு மழை நாளில் அந்த மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, இருவரும் அந்த டீயைக் குடித்தார்கள். "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க நீங்க?" என்றாள் குந்தவை. அவர் மனசுக்குள் அதே கேள்வியைப் பார்சல் அனுப்பிய அந்த முகம் தெரியாதவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழியில் மூன்றாவது பார்சல் வந்தது. பிரித்தவள் உள்ளே இருந்ததை மடியில் எடுத்து வைத்தாள். சின்னதாக ஒரு கவிதைப் புத்தகம். அதன் மேல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. கைக்குழந்தைக்கானது.

"என்னங்க இது?"

மதிவாணன் காலுறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி காலுறையைப் பார்த்தார்.

"எனக்கு நாப்பத்திமூணு வயசு. பொண்ணு செகண்ட் இயர் படிக்கிது. என்ன நினைச்சு வாங்குனீங்க இதை?"

"கார்டுல என்ன போட்டிருக்கு?" என்றார் அவர்.

அவள் படித்தாள். "இன்னும் இரண்டு மாசம். சத்தமாகப் படி, உள்ளே இருக்கிறவருக்கும் கேட்கட்டும்."

அதற்கு மேல் மதிவாணனால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். தான் எதையும் அனுப்பவில்லை, யார் அனுப்புகிறார்கள் என்றே தெரியாது, அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் தவறி வந்துவிட்டது என்றார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப அந்த முதல் கார்டும் எனக்கு இல்லையா?"

"இல்ல."

அவள் காலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமா வருத்தமா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மாசமா இருக்கிற ஒரு பொண்ணுக்கு வந்ததுங்க இது" என்றாள் கடைசியில். "அது என்ன நினைச்சிக்கிட்டு உக்காந்திருக்கோ."

பெட்டியில் இருந்த எண்ணுக்கு மதிவாணன் போன் செய்தார். பழைய ஆங்கில இலக்கியப் பிரியர்களுக்கென்றே புத்தகமும் பரிசுப் பொருளும் விற்கும் கடை அது. பேசிய பெண், அனுப்புகிறவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் கொடுத்த முகவரி அவ்வளவுதான், அவரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றாள். அன்று மாலையே பதில் வந்தது. ஸ்டேஷன் ரோடுதான், ஆனால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், அரிசி மில்லைத் தாண்டி மாடி வீடு.

சதீஷைக் கூப்பிட்டுக் கேட்டால் அவன் தலையைச் சொறிந்தான். "குந்தவைன்னு நம்ம ஊர்ல ரெண்டு பேர் இருப்பாங்கன்னு யாருண்ணே நினைச்சா?"

மறுநாள் காலை இருவரும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வண்டியில் போனார்கள். கதவைத் திறந்தவள் சுடர்விழி, அந்தப் பெண்ணின் அம்மா. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே அழைத்துப் போனாள். கட்டிலில் கால்களைத் தலையணை மேல் வைத்தபடி இன்னொரு குந்தவை படுத்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மதிவாணன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். அந்தப் பெண் முதல் கார்டைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன் பண்றப்பல்லாம், வேற விசேஷம் ஒண்ணும் இல்லையான்னு கேப்பாரு. ஒண்ணும் இல்லன்னு சொல்லுவேன். உடனே குரல் மாறிடும். எதுக்குன்னே தெரியல. ஒரு மாசமா சரியா பேசுறதே இல்ல. வேற ஏதோ இருக்குன்னு நான்..."

அவள் கணவன் செந்தில்குமார் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். கடைப் பெண் சொன்னபடி, அவனுடைய போனில் மூன்று பார்சலும் ஒப்படைக்கப்பட்டதாகத்தான் காட்டியிருக்கிறது. ஆசையாக அனுப்பியதைப் பற்றி இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவன் அங்கே வெந்துகொண்டிருந்திருக்கிறான். இவள் இங்கே. நடுவில் தான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டீ குடித்ததை நினைத்து மதிவாணனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"டீத்தூள் தீந்துபோச்சும்மா" என்றார். "மெழுகுவர்த்தி பாதிதான் இருக்கு. வேற வாங்கித் தந்துடறேன்."

அழுதுகொண்டிருந்த பெண் பாதி மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். பிறகு நீல நாவலைப் புரட்டினாள். பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தது.

"இது யாரு எழுதுனது?"

மூத்த குந்தவை பதறினாள். "நான்தாம்மா. எனக்குன்னு நினைச்சு எழுதிட்டேன். கொடு, அழிச்சுத் தரேன்."

"வேணாங்கக்கா. கதையில அந்த மூத்தவ கடிதத்தைக் கிழிக்கிற எடத்துல, 'பைத்தியக்காரி'ன்னு எழுதியிருக்கீங்க. படிக்கிறப்பல்லாம் எனக்கும் அங்க அதேதான் தோணும்."

அப்புறம் அவர்கள் இருவரும் அந்தப் பண்ணை வீட்டு மனிதர்களைப் பற்றி, தெருக்கோடியில் குடியிருப்பவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போனார்கள். மதிவாணனும் சுடர்விழியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "காபி போடட்டுங்களா?" என்றாள் சுடர்விழி. அது ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது.

அதிலிருந்து தினமும் மதியம் மதிவாணன் மனைவியைத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். படுத்திருக்கும் பெண்ணால் சத்தமாகப் படிக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. மூத்தவள்தான் படித்தாள். ஒருநாள் கூப்பிடப் போனவர் வாசலில் நின்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலத்துக் குரல். ஒரு வார்த்தைகூடப் புரியாவிட்டாலும், வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

தாளடி கதிர் முற்றிய தை மாதக் கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. செந்தில்குமார் லீவில் வந்தான். கடைக்கே வந்து மதிவாணனின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் மன்னிப்புக் கேட்க, அவனும் எதற்கோ மன்னிப்புக் கேட்டான். எதற்கென்று இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் குந்தவை அவரை ஒரு சொல் குத்திப் பேசவில்லை. அதுதான் அவரைக் குழப்பியது. அடுப்படிக் கதை நின்றுபோயிருந்தது. கோபமா, இல்லை சொல்லவேண்டியதையெல்லாம் அங்கேயே சொல்லித் தீர்த்துவிட்டு வருகிறாளா? கேட்கவும் பயமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் மோட்டார் எடுக்கத் தஞ்சாவூர் போனவர், ஒரு பெரிய புத்தகக் கடைக்குள் நுழைந்தார். பழைய ஆங்கில நாவல் வேண்டும் என்றார். விற்பனைப் பெண் ஒரு சுவர் முழுவதையும் காட்டினாள். எல்லா அட்டையிலும் குடை பிடித்த ஒரு பெண்ணோ, மூடுபனியில் ஒரு வீடோ இருந்தது.

"யாருக்கு சார்? அவங்களுக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும்?"

இருபது வருஷம் கூட வாழ்ந்தும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வெளியே பிளாட்பாரத்துக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். திடீரென்று வாங்கி வந்து அசத்த வேண்டும் என்ற யோசனையெல்லாம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

"குந்தவை, நான் புத்தகக் கடையில நிக்கிறேன். உனக்கு எந்த மாதிரி கதைதான் பிடிக்கும்?"

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது.

"திடீர்னு கேட்டா எப்படிங்க? யோசிக்கணும்."

"யோசி. நான் இங்கதான் நிக்கிறேன்."

"வண்டிச் சத்தமா இருக்கே, வெயில்லயா நிக்கிறீங்க?"

"பரவால்ல. சொல்லு."

"வீட்டை விட்டுப் போறவ கதை வேணாம். அது நிறைய இருக்கு" என்று மெல்ல ஆரம்பித்தாள் அவள். "போனவ திரும்பி வர்ற மாதிரி ஏதாவது... இல்ல, இருங்க, அதுவும் சரியா சொல்லத் தெரியல." பிறகு, எந்த ஊர், எந்தக் காலம், எப்படிப்பட்ட மனிதர்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, மதிவாணன் போனைக் காதில் வைத்தபடி மறுபடி கடைக்குள் போனார். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல, விற்பனைப் பெண் அலமாரியில் தேட ஆரம்பித்தாள்.