புள்ளிகள் குவிந்த படம்

தலைவலி ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வலது கையும் பிடி இழந்துகொண்டே வந்தது. கரண்டி நழுவி விழும். போர்ட் பிளேரில் பார்க்க முடியாது என்று என் கணவர் என்னைக் கப்பலில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஊசி வழியாகக் கதிரியக்க மருந்து ஏற்றினார்கள். மூளையில் கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் மருந்தை அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். பிறகு ஒரு மெஷின் என் தலைக்கு மேலே வரிவரியாக நகர்ந்து, டக் டக்கென்று தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனது.

டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவர், "நரம்புத் தளர்ச்சிதானாம். ஊருக்குப் போலாம்" என்றார். நிம்மதியில் அழுதுவிட்டேன்.

ஐந்து மாதம் டானிக் குடித்தேன். ஒருநாள் காலை, அவர் ஆபீஸுக்குப் போன பிறகு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கொடுத்த கவரை எடுத்துக்கொண்டு, நாங்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக வந்திருந்த வங்காளி டாக்டர் அதிலிருந்த புள்ளிப் படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். இடதுபக்கம் ஓரிடத்தில் புள்ளிகள் அப்பிக் கருத்திருந்தன. கூட இருந்த ஆங்கிலக் கடிதத்தையும் படித்தார்.

"ஆபரேஷன் கப் ஹுவா?" எப்போது நடந்தது என்று கேட்டார்.

"கௌன்சா ஆபரேஷன்?" எந்த ஆபரேஷன் என்றேன்.

அவர் கடிதத்தை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு, கட்டி இருப்பதாகவும் உடனே அறுவை செய்ய வேண்டுமென்று கணவரிடம் சொல்லிவிட்டதாகவும் கடிதத்தில் இருப்பதை இந்தியில் மெதுவாகச் சொன்னார்.

சாயங்காலம் என் கணவர் முன்னால் படத்தை விரித்து வைத்தேன்.

"மண்டையத் திறக்கணும்னாங்க. மேஜையிலயே நீ போயிட்டா, பிள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"திறக்காம விட்டா நான் பொழைச்சிக்குவேன்னு யாரு சொன்னா?"

அவர் படத்தை மடிக்கக் கை நீட்டினார்.

"என் தலை. எங்கிட்ட கேட்டிருக்கணும்."

அடுத்த கப்பலில் போனோம். வழியெல்லாம் அந்தக் கவரை என் மடியிலேயே வைத்திருந்தேன். கட்டியை எடுத்தார்கள், புற்று இல்லை. ஆனால் தாமதத்தால் வலது கை பழையபடி வரவில்லை. இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினேன்.

அவரோடுதான் வாழ்ந்தேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு பரிசோதனைக்கும் டாக்டர் அறைக்குள் நான் தனியாகத்தான் போனேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.