தூசி என்று நினைத்துவிட்டோம்

என் தந்தை நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். சென்ற கோடையில் அவருக்கு மூச்சு வாங்கியது. நாக்கு வெந்ததுபோல் சிவந்தது, கால்கள் மரத்தன.

"ஷாஃப்டுல எறங்கினவனுக்குக் கடைசில இதான்டா. தூசி வுடாது" என்றார். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில், நுரையீரலில் கல்தூசி படிந்து அப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். நானும் நம்பினேன்.

ஒரு நண்பகலில் கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்புடன் திரும்பினார். வெறும் பாதம் தார்ச்சாலைச் சூட்டில் கொப்பளித்திருந்தது.

"சுடலையா நைனா?"

"இன்னாடா சுடறது?" என்றார். செருப்பு கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. அன்றே கோலாருக்கு அழைத்துப் போனேன்.

மருத்துவர் அவர் நாக்கைப் பார்த்தார். "இன்னா சாப்பிடறீங்க, பெரியவரே?"

"சோறு, ரசம், ஊறுகா."

"பால், முட்டை, கறி, மீன்?"

"தூசி புடிச்ச நெஞ்சுல சளி கட்டும்னு எல்லாத்தையும் வுட்டு நாலு வருசம் ஆவுதுங்க."

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவு என்று தெரிந்தது; மூச்சு வாங்கியதும் கால்கள் மரத்ததும் அதனால்தான். தூசிக்குப் பயந்து அவர் ஒதுக்கிய உணவுகளில்தான் அந்தச் சத்து இருக்கிறது. ஊசி போட்டார்கள். பாலும் முட்டையும் மீனும் மறுபடி தட்டுக்கு வந்தன. மூச்சு வாங்குவது நின்றது. பாதங்களில் உணர்வு திரும்பவில்லை. வந்தது தாமதம் என்றார் மருத்துவர்.

இப்போது லைனில் யார் தூசி என்று சொன்னாலும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். ஒரே வீட்டில் இருந்தும், நான்கு வருடம் என் தந்தையிடம் அதை நான் கேட்கவில்லை.