மடை மருதனின் தலை

வாய்மொழிக் கதைகளின் பாடபேதங்களைத் தொகுப்பவனுக்குக் கதையை மறந்தவர்களால் தொல்லையில்லை. கதாநாயகன்மேல் இரக்கப்படுபவர்களால்தான் தொல்லை. நோட்டுப் புத்தகத்தோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கிய நண்பர்களே, 1950-களில் நான் பட்டதையும் கேளுங்கள்.

நான் தேடியது சோழர் காலத்துக் கதை ஒன்று. பஞ்சத்தில் அரசனைக் கேளாமல் ஏரி மடையைத் திறந்துவிட்ட காவலன் மருதனின் தலை வெட்டப்படுகிறது. மனைவி ஒப்பாரி வைக்கிறாள். அந்த ஒப்பாரி மட்டும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஐந்தாண்டு உழைத்த நூல் அச்சேறாது.

சோழன் எடுத்த பெரட்டு

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞாயிற்றுக்கிழமைக் கூத்து ஒத்திகை. கிரீடம் வைத்த சோழன் சிம்மாசனத்தில் அமரவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டு எடுக்கும் கங்காணியைப் போலக் கம்பளி போர்த்தி நின்று, படைவீரர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தான். மந்திரி செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். மருதனின் முறை வந்ததும், "ஒனக்கு இன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ!" என்பதே தண்டனை. தலை தப்பியது.

சோழன் பெரட்டு எடுத்ததற்குச் சான்று உண்டா என்று கேட்டேன். தாடியைக் கழற்றியபடி அரசர் சொன்னார்: "பெரட்டு எடுக்காமலாங்க ஐயா, தஞ்சாவூருல அம்மாம் பெரிய கோயிலக் கட்டியிருப்பான்?"

வாளின்மேல் உட்கார்ந்தவர்கள்

பட்டிப்பொலயில் ரயிலிறங்கி, மூன்று மைல் நடந்து சேர்ந்த தோட்டத்துக் கூத்தில் மருதனைக் கொலைக்களம்வரை கொண்டுவந்துவிட்டார்கள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன். கொலையாளிகள் இருவரும் வாளைத் தரையில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம்! அரசன் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தான், மருதன் பிழைத்தான்.

"பழைய கதையில் வெட்டுகிறார்களே" என்று முறையிட்டேன். மூத்த கொலையாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "இவன வெட்டுனா நாளைக்குச் சங்கத்துக்கு எவன் ஐயா வருவான்?"

நல்லதண்ணிப் பேச்சியம்மா

நல்லதண்ணித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்கு ஒப்பாரி முழுதும் தெரியும் என்றார்கள். தெரிந்திருந்தது. லயத்து வாசலில் அமர்ந்து அவர் ஓரடி தட்டாமல் பாடினார். நான் ஓரடி விடாமல் எழுதினேன். நிம்மதியாக நோட்டை மூடப்போனவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க? அவன் இன்னும் எந்திரிக்கலையே!"

"செத்தவன் எப்படியம்மா எழுவான்?"

அதற்குள் பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்த பெண்களும் கூடிவிட்டார்கள். எந்தப் பாடத்திலும் இல்லாத நான்கு அடிகளைச் சிரிப்பும் கும்மியுமாகப் பாடினார்கள்: மடைத் தண்ணீர் ஓடி வந்து தொட, மருதனின் தலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. எழுதத் தயங்கிய என்னைப் பேச்சியம்மா அதட்டினார்: "பொணத்த நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டு பஸ் ஏறாதீங்க ஐயா, எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க!"

அச்சான நூலில் மருதன் அடிக்குறிப்பில் மட்டுமே சாகிறான். மூலபாடத்தில், சக அறிஞர்கள் எத்தனை கண்டனம் எழுதினாலும், இன்னமும் மடையைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.