கோமதி நிக்காத இணைச்சீர்

எங்கக்கா செல்லாத்தாளை நான் இன்னும் மன்னிக்கலைங்க. அவளே அவளை மன்னிச்சுக்கலை, அது வேற.

கோமதி அவளோட மூத்த மக. கோவிந்தாபுரம் பக்கம் கட்டிக்குடுத்தது, அங்கயே பால் சொசைட்டில வேலை. தம்பி சிவப்பிரகாஷை இடுப்புலயே தூக்கி வளர்த்தவ. அவனை எவனாச்சும் அடிச்சா, போயி சண்டை போட்டுட்டுத்தான் வருவா. "தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கு நாந்தேன் நிப்பேன்"னு சின்னப்புள்ளையில இருந்தே சொல்லிட்டிருப்பா. எங்க பக்கம் மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவ, கூறைப்புடவை வெச்ச கூடையத் தாங்கிட்டு அவன் பக்கத்துல நிக்கோணும். அதைவிடப் பெரிய மருவாதி அவளுக்கு வேற என்ன இருக்குது?

தம்பிக்குக் கல்யாணம் பேசின வருசம் அவ உடம்பு உருக ஆரம்பிச்சுது. வட்டல் நெறையச் சோறு திம்பா, அப்பறமும் பசிக்குதும்பா. ரவிக்கை மட்டும் தொளதொளன்னு ஆயிருச்சு. மார்கழிப் பனியிலயும் வேர்த்து ஊத்தும். கண்ணு பிதுங்கி நிக்கும், கை வெடவெடன்னு நடுங்கும்.

"புகுந்த ஊட்டுல என்ன கொறையோ, மனசு கெட்டுப்போச்சு"ன்னா அக்கா. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு கத்தினேன். கேட்டாளா? "கல்யாண நேரத்துல எதுக்கு? கூடை கைதவறி விழுந்தா அபசகுனம்"னு சிவப்பிரகாஷோட பெரியப்பன் மக அனுப்பிரியாவ இணைச்சீருக்கு நிறுத்திட்டா. கோமதி கடைசியில பந்தக்காலைப் புடிச்சுட்டு நின்னா.

அடுத்த மாசமே நெஞ்சு படபடன்னு அடிச்சு சொசைட்டியில விழுந்துட்டா. பாலக்காட்டுல ஜிஜி டாக்டரம்மா ரத்தம் பார்த்துட்டு விளக்கினாங்க. கழுத்துல தைராய்டு சுரப்பி. அதோட செல்லு மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்குதாம். மூளையில இருந்து வர்ற ஹார்மோன் அதுல உக்காந்தாத்தான் சுரப்பி வேலை செய்யோணும், வராட்டி நிறுத்தோணும். இவளுக்கு, சொந்த ஒடம்பே உண்டாக்கின எதிர்ப்பொருள் அது மேல ஏறி உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குதாம். தோட்டத்து மோட்டார் சுவிட்சை யாரோ அமுக்கியே புடிச்ச மாதிரிங்க. திங்கறதெல்லாம் எரிஞ்சே போகுது.

"முன்னமே கொண்டு வந்திருந்தா கை நடுக்கம் அப்பவே அடங்கியிருக்குமே"ன்னாங்க. அக்கா முந்தானைய வாயில அமுக்கிட்டா.

மாத்திரையில கோமதி தேறிட்டா. கன்னத்துல சதை வந்துச்சு, நடுக்கம் நின்னுபோச்சு. அக்காதான் தேறலை. போன வாரம் பங்காளி ஊட்டுப் பூபதிராஜாவுக்குக் கல்யாணம் முடிவாச்சு. அவனுக்குக் கூடப்பொறந்தவ இல்லை. "ஏங்கண்ணு, இணைச்சீருக்கு நீ நில்லு சாமி"ன்னு மக கையப் புடிச்சுட்டுக் கெஞ்சினா.

கோமதி கோவப்படவே இல்லை.

"நிக்கறனுங்கம்மா. ஆனா எனக்குத் தம்பி ஒருத்தன்தானுங்களே"ன்னா.