பல்லி அண்ணன் விட்ட இடைவெளி

லிஃப்ட் குழிக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வேலை பார்ப்பதால் அவருக்குப் பல்லி அண்ணன் என்று பெயர். எட்டாவதோடு படிப்பை விட்டவர். பதினாறு வருடமாக மெக்கானிக். ஆங்கிலத்தில் அவருக்குத் தேவைப்பட்டவை மூன்றே சொற்கள். ‘ஸ்லைட்லி’ என்று எழுதினால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ‘வெரி’ என்றால் இந்த வாரத்துக்குள். ‘டூ’ என்றால் அளவை மீறிவிட்டது, கட்டடக்காரர் லிஃப்டை உடனே நிறுத்தியாக வேண்டும். டீக்கடையிலும் இதே அளவுகோல்தான். “சர்க்கரை டூ, மாஸ்டர். கடைய மூடிடுங்க.”

அவர் கையால் எழுதும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. இந்த அளவுகோல் அப்போது எனக்குத் தெரியாது. கவிதை படிக்கிறவன், சொல்லை எடைபோடத் தெரிந்தவன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. ஒரு நாள் ‘பிரேக் டூ லூஸ்’ என்று எழுதியிருந்தார். ‘ரொம்ப’ என்பதற்குப் பலரும் தப்பாக ‘டூ’ போடுவார்கள், இவரும் அப்படித்தான் என்று முடிவுகட்டி, ஒரு வார்த்தை கேட்காமல் ‘வெரி’ ஆக்கி அனுப்பினேன்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்தவில்லை. மறுநாள் அது வழுக்கிப்போய் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே ஓர் அம்மாவும் கைக்குழந்தையும் முக்கால் மணி நேரம்.

நான் அடித்த தாளை மேனேஜர் பல்லி அண்ணன் முன் போட்டு, நிறுத்தச் சொல்லி ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எழுதினேன் என்றார் அண்ணன். தாளை விரல் வைத்துப் படித்தார். ‘வெரி’யில் விரல் நின்றது. அவர் கையெழுத்துத் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அதை எடுத்துக் காட்டவில்லை. இன்னொரு தடவை நடந்தால் குடோன் வேலைதான் என்று சொல்லி அவரை அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் வேறொரு கட்டடத்து அறிக்கை. ‘பிரேக்’குக்கும் ‘லூஸு’க்கும் நடுவில் ஒரு சொல் அளவுக்கு வெற்றிடம். ஏன் என்று கேட்டேன்.

“பதினாறு வருஷமா தப்பாவே எழுதியிருக்கேன் போல, தம்பி. நீ படிச்சவன். நீயே போட்டுக்க.”

குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

நான் கண்ணால் பார்த்தே இராத பிரேக். பேனாவைத் திறந்தேன், மூடினேன். இழுப்பறையிலிருந்து பழைய தாளை எடுத்து அவர் முன் வைத்தேன்.

“நீங்க எழுதுனதுதான்ணே சரி. மாத்துனது நான்.”

தன் கையெழுத்தில் இருந்த ‘டூ’வின் மேல் விரலை வைத்தார்.

“எங்கிட்ட சொல்லி என்ன? உள்ள போய்ச் சொல்லு.”

மேனேஜர் அறை பத்தடி தூரம்தான். பழைய தாளையும் புதுத் தாளையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணன் புதுத் தாளை மட்டும் திரும்ப வாங்கி, அந்த இடைவெளியில் நிதானமாக ‘டூ’ என்று எழுதிக் கொடுத்தார்.

“மொதல்ல இந்த லிஃப்ட நிறுத்தச் சொல்லு. அப்புறமா உன் கதையச் சொல்லு.”